சாரலுக்குள் எழுத்து: இரு நிறங்களின் ஒளிர்வை அளப்பது எப்படி?

தென்காசி ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகை மஞ்சள்; அதன்மேல் எழுத்துகள் கறுப்பு. அடுத்துள்ள செங்கோட்டையிலும் கடையநல்லூரிலும் அப்படித்தான். இந்திய ரயில்வே நாடு முழுக்கப் பெரும்பாலும் இந்த ஜோடியையே வைத்திருக்கிறது. ஓடும் ரயிலின் ஜன்னலோரம் இருப்பவருக்கு ஊர்ப் பெயரைப் படிக்கச் சில நொடிகள்தான் கிடைக்கும். அதற்குள் கண் எழுத்தைப் பிடித்துவிடுகிறது. அதே மஞ்சள் பெயின்டால் வெள்ளையடித்த சுவரில் எழுதிப் பாருங்கள். பக்கத்தில் நின்றாலும் கண்ணைச் சுருக்கித்தான் படிக்க வேண்டியிருக்கும்.

போர்டு எழுதும் ஓவியர்கள் இதை ‘எடுப்பா இருக்கு’, ‘எடுப்பா இல்ல’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஆங்கிலம் வழியாக வந்த சொல் கான்ட்ராஸ்ட். கைப்பழக்கத்தில் தெரிந்த இந்த எடுப்பை ஓர் எண்ணாக மாற்ற முடியுமா? இரண்டு நிறங்களைக் கொடுத்தால், ஒன்றின்மேல் மற்றொன்று எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா?

முடியும். அந்தக் கணக்கு இன்று உலகெங்கும் இணையப் பக்கங்களுக்கும் செயலிகளுக்கும் விதியாகவே இருக்கிறது. அதைச் சோதித்துப் பார்க்கத் தென்காசி பொருத்தமான ஊர். பங்குனியிலும் சித்திரையிலும் கண் கூசும் வெயில்; ஆனியிலும் ஆடியிலும் ஆரியங்காவுக் கணவாய் வழியே இறங்கிவந்து மலையை மறைக்கும் சாரல். எழுத்தை அழிப்பதில் இரண்டும் ஒரே வழியைத்தான் கையாள்கின்றன. அது என்ன வழி என்பதே இந்த அத்தியாயத்தின் செய்தி.

கண் எடுத்துக்கொள்ளும் ஒளி

ஒரு பரப்பிலிருந்து கிளம்பும் ஒளி முழுவதையும் கண் ஒரே மதிப்பில் எடுத்துக்கொள்வதில்லை. ஒளியூட்டலுக்கான சர்வதேச ஆணையம் 1924-இல் ஒரு வரைகோட்டை ஏற்றுக்கொண்டது. பகல் வெளிச்சத்தில் எந்த அலைநீளத்துக்கு மனிதக் கண் எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. உச்சி 555 நானோமீட்டரில், மஞ்சள் கலந்த பச்சையில் இருக்கிறது. அதே ஆற்றலோடு 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி வந்தால் கண்ணுக்குப் பத்தில் ஒரு பங்கு வெளிச்சமாகத்தான் தெரியும். 450 நானோமீட்டர் நீலத்துக்கு இருபத்தைந்தில் ஒரு பங்குகூடக் கிடைக்காது.

இப்படிக் கண்ணின் கணக்குப்படி எடைபோட்டு, ஒரு பரப்பிலிருந்து நம் திசையில் எவ்வளவு ஒளி வருகிறது என்று அளப்பதே ஒளிர்வு. ஆங்கிலத்தில் லூமினன்ஸ். அதன் அலகு ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா, சுருக்கமாக ‘நிட்’. கைபேசி விளம்பரங்களில் ‘ஆயிரம் நிட்’ என்று போடுகிறார்களே, அதே நிட்தான்.

எழுத்து படிப்பதில் ஒளிர்வுக்குத் தனி இடம் உண்டு. விழித்திரையின் கூம்பு செல்கள் மூன்று வகை. அவற்றுள் நீண்ட அலைக்கும் நடுத்தர அலைக்கும் உரிய இரண்டு வகைகள்தாம் ஒளிர்வு உணர்வைத் தருகின்றன. நீலத்துக்கு உரியவை எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஒளிர்வில் அவற்றின் பங்கு அநேகமாக இல்லை. நுண்ணிய விளிம்புகளை, அதாவது எழுத்தின் வளைவையும் முனையையும், மூளை ஒளிர்வு வேறுபாட்டைக் கொண்டே அறிகிறது. நிற வேறுபாடு அந்த அளவுக்கு நுணுக்கமாகப் பதிவதில்லை. 1950-களில் வண்ணத் தொலைக்காட்சியை வடிவமைத்த பொறியாளர்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒளிர்வைக் கூர்மையாகவும் நிறத்தைச் சற்று மங்கலாகவும் அனுப்பினார்கள். பார்ப்பவர்களுக்குக் குறையே தெரியவில்லை. நாம் அனுப்பும் ஜேபெக் படங்களும் பெரும்பாலும் இப்படித்தான் சுருக்கப்படுகின்றன.

சிவப்பும் பச்சையும் நிறத்தில் எதிரெதிர். ஆனால் இரண்டின் ஒளிர்வும் சமமானால், ஒன்றின்மேல் மற்றொன்றால் எழுதிய எழுத்தின் விளிம்பு நிலைகொள்ளாமல் துடிக்கும். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான குற்றாலத்துச் சித்திர சபையில் இறைவன் சுவரோவியமாகவே வணங்கப்படுகிறார். தென்னிந்தியச் சுவரோவிய மரபில் காவிச் சிவப்பும் பச்சையும் அடுத்தடுத்து வரும் இடங்களில் உருவங்களுக்குக் கருங்கோட்டால் வரம்பு கட்டுவது வழக்கம். நிறங்களால் மட்டும் பிரிக்க முடியாத விளிம்பை ஒரு கறுப்புக் கோடு பிரித்துவிடுகிறது. ஒளிர்வு என்ற சொல் அறிவியலில் வருவதற்கு வெகுகாலம் முன்பே கைகள் அதை அறிந்திருந்தன.

கழித்தலா, வகுத்தலா?

இரண்டு ஒளிர்வுகளை அளந்தாயிற்று. அவற்றை எப்படி ஒப்பிடுவது? ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பதா, ஒன்றை மற்றதால் வகுப்பதா?

ஒரு செய்தித்தாளை எடுத்துக்கொள்வோம். தாள் தன்மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டையும் மை 5 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புகின்றன என்று வைப்போம். வீட்டுக்குள் வெளிச்சம் 500 லக்ஸ். அங்கே தாளின் ஒளிர்வு சுமார் 127 நிட். மையின் ஒளிர்வு 8 நிட். அதே செய்தித்தாளை ஒரு லட்சம் லக்ஸ் உச்சி வெயிலுக்குக் கொண்டுபோனால் தாள் சுமார் 25,500 நிட், மை 1,600 நிட். வெயிலில் இருக்கும் கறுப்பு மை, வீட்டுக்குள் இருந்த வெள்ளைத் தாளைவிடப் பன்னிரண்டு மடங்கு ஒளிர்கிறது. ஆனாலும் அது நமக்குக் கறுப்பாகவே தெரிகிறது. எழுத்தும் முன்போலவே படிக்க வருகிறது.

கழித்துப் பார்த்தால் முதலில் 119, பிறகு 23,900. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. வகுத்துப் பார்த்தால் இரண்டு இடத்திலும் 16. கண் வகுக்கிறது. புலன்கள் வித்தியாசத்தை உணர்வது விகிதக் கணக்கில்தான் என்பதை 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர்களான எர்ன்ஸ்ட் வெபரும் குஸ்தாவ் ஃபெஹ்னரும் நிறுவினார்கள். பின்னாளில் கான்ட்ராஸ்டை அளக்க வந்த சூத்திரங்கள் பலவும் ஏதோ ஒரு வகையில் வகுத்தலையே அடிப்படையாகக் கொண்டவை.

கணக்கு

இணையத்தின் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008 டிசம்பரில் அணுகல் வழிகாட்டு நெறிகளின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. இரு நிறங்களின் எடுப்பை அளக்கும் சூத்திரம் அதில் இடம்பெற்றது. பள்ளிக் கணிதம் தெரிந்தவர் யாரும் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

திரையில் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களால் ஆனது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. இந்த எண் நேரடியாக ஒளியின் அளவைக் குறிப்பதில்லை. 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த முறைப்படி, பாதி எண்ணான 128 முழு ஒளியில் 21.6 விழுக்காட்டை மட்டுமே தரும். ஆகவே முதலில் எண்ணை ஒளியாக மாற்ற வேண்டும். எண்ணை 255-ஆல் வகுத்து, அதோடு 0.055 கூட்டி, 1.055-ஆல் வகுத்து, 2.4 அடுக்குக்கு உயர்த்த வேண்டும். 255-ஆல் வகுத்து வருவது 0.04-க்கும் கீழான சிறு மதிப்பானால், அதை 12.92-ஆல் வகுத்தாலே போதும்.

அடுத்து மூன்றையும் கண்ணின் எடைப்படி கூட்ட வேண்டும்:

ஒளிர்வு = 0.2126 × சிவப்பு + 0.7152 × பச்சை + 0.0722 × நீலம்

பச்சைக்கு எழுபது விழுக்காட்டுக்கு மேல்; நீலத்துக்கு ஏழு. 1924-இன் வரைகோடு இங்கே மூன்று எண்களாகச் சுருங்கி நிற்கிறது. வெள்ளையின் ஒளிர்வு 1, கறுப்பு 0.

கடைசியாக விகிதம். இரு நிறங்களில் ஒளிர்வு கூடியதோடு 0.05 கூட்ட வேண்டும், குறைந்ததோடும் 0.05 கூட்ட வேண்டும்; பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். இரண்டும் ஒரே நிறமானால் விடை 1. வெள்ளையும் கறுப்பும் ஆனால் 1.05-ஐ 0.05-ஆல் வகுத்து 21. எந்த இரு நிறங்களின் எடுப்பும் இந்த 1-க்கும் 21-க்கும் இடையில்தான் இருக்கும்.

ரயில் நிலையப் பலகையைத் திரையில் வரைவதாக வைப்போம். முழு மஞ்சள் என்பது முழுச் சிவப்பும் முழுப் பச்சையும் சேர்ந்தது, ஒளிர்வு 0.9278. கறுப்போடு அதன் விகிதம் 19.6, அநேகமாக உச்சம். அதே மஞ்சள் வெள்ளையின்மேல் வெறும் 1.07. வெள்ளைச் சுவரில் மஞ்சள் எழுத்து ஏன் காணாமற்போகிறது என்பதற்கு இதுவே பதில். நீலத்தின்மேல் மஞ்சள் 8. சிவப்பின்மேல் மஞ்சள் 3.7. பச்சையின்மேல் சிவப்பு 2.9. நீலத்தின்மேல் சிவப்பு 2.15, பளிச்சென்று கண்ணில் அறையும், படிக்க மட்டும் வராது.

எவ்வளவு இருந்தால் போதும்? சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்கு 3, மேலான தரம் வேண்டுமானால் 7. முந்தைய கணினித் திரைத் தரங்கள் நல்ல பார்வை உள்ளவருக்கு 3 போதும் என்றன. கண் பரிசோதனையில் 6/12 வரிசை வரை படிப்பவருக்கு ஒன்றரை மடங்கு எடுப்பு தேவை என்று கொண்டு 4.5 வந்தது. பார்வை 6/24 அளவுக்குக் குறைந்தவரை மனத்தில் வைத்து 7 வந்தது. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் படிக்கச் சிரமப்படும் ஒரு மனிதர் இருக்கிறார்.

இந்தச் சூத்திரத்திலிருந்து பயனுள்ள ஒரு முடிவும் கிடைக்கிறது. பின்னணியின் ஒளிர்வு சுமார் 0.18-க்கு மேல் இருந்தால் கறுப்பு எழுத்து எடுப்பு. கீழே இருந்தால் வெள்ளை எழுத்து எடுப்பு. சரியாக அந்த எல்லையில் இரண்டுமே 21-இன் வர்க்கமூலமான 4.58 விகிதத்தைத் தரும். எனவே எந்தப் பின்னணி நிறமானாலும் கறுப்பு, வெள்ளை இரண்டில் ஒன்றாவது 4.5-ஐத் தாண்டியே தீரும். ‘இந்த நிறத்துக்கு எதுவுமே எடுக்காது’ என்று சொல்ல இடமே இல்லை.

சாரல் கூட்டும் ஒளி

சூத்திரத்தில் இருபுறமும் கூட்டிய 0.05 எதற்கு? திரையின் கண்ணாடி சுற்றியுள்ள வெளிச்சத்தில் கொஞ்சத்தைப் பிரதிபலிக்கிறது. அந்த ஒளி எழுத்தின் மேலும் பின்னணியின் மேலும் சமமாகப் போய்ச் சேர்கிறது. கணக்கு அதையும் சேர்த்துக்கொள்கிறது.

சமமாகச் சேர்ந்தால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். ஒருவரிடம் 12 ரூபாயும் இன்னொருவரிடம் 1 ரூபாயும் இருக்கின்றன. இருவருக்கும் ஆளுக்கு நூறு கொடுங்கள். 112-ம் 101-ம். வித்தியாசம் அதே 11 ரூபாய்தான். ஆனால் பன்னிரண்டு மடங்குக்காரர் என்ற நிலை போய்விட்டது. வகுத்துப் பார்க்கும் கண்ணுக்கும் இதே கதி. இரண்டு பக்கமும் சமமாக ஒளியைக் கூட்டினால் அடிபடுவது கறுப்பின் கருமைதான்.

குற்றாலச் சாரல் செய்வது இதுவே. காற்றில் மிதக்கும் நுண்துளிகள் பலகையிலிருந்து வரும் ஒளியில் ஒரு பகுதியை வழியிலேயே சிதறடிக்கின்றன. கூடவே வானத்து வெளிச்சத்தை நம் கண்ணை நோக்கித் திருப்பிவிடுகின்றன. பலகையின் மஞ்சள் 0.6, எழுத்து 0.05, பனித்திரை போன்ற வெள்ளை வானம் 1 என்று கொள்வோம். பக்கத்தில் நின்றால் விகிதம் 12. பலகையின் ஒளியில் பாதி வழியில் போய், அந்த இடத்தைச் சாரலின் வெண்மை நிரப்பும் தூரத்தில் மஞ்சள் 0.8, எழுத்து 0.525. விகிதம் 1.5 ஆகிவிடும். பாதி ஒளி போனால் பாதி எடுப்பு மிஞ்சும் என்று எதிர்பார்ப்போம். எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. தூரம் கூடக் கூட எடுப்பு அடுக்குக்குறி வேகத்தில் சரியும் என்பதை ஜெர்மானிய வானிலை அறிஞர் ஹரால்ட் கோஷ்மீடர் 1924-இல் கணித விதியாக்கினார். மூடுபனியில் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும் என்ற கணிப்புக்கு அந்த விதியே அடித்தளம்.

அருவிக்கரையில் இது வெறும் வசதிப் பிரச்சினை ஆகாது. மலைமேல் மழை பெய்தால் கீழே வெள்ளம் திடீரென்று வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் அப்படி வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோனது. பலகை மட்டும் உயிரைக் காத்துவிடாது. ஆளும் அறிவிப்பும் கண்காணிப்பும் வேண்டும். ஆனால் எச்சரிக்கை என்று ஒன்றை எழுதி வைத்தால், அது படிக்க வேண்டிய நேரம் சாரலும் நீர்த்திவலையும் மேகமூட்டமும் சேர்ந்திருக்கும் நேரம்தான் என்பதை எழுதுபவர் மறக்கக் கூடாது.

ஆபத்து என்றாலே சிவப்பு என்பது பழக்கம். முழுச் சிவப்பு வெள்ளையின்மேல் 4 விகிதமே தருகிறது, கறுப்பின்மேல் 5.25. பொழுது சாயும்போது நிலைமை இன்னும் மாறும். மங்கிய வெளிச்சத்தில் கூம்பு செல்கள் ஓய்ந்து குச்சி செல்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. அவற்றின் உச்சி 507 நானோமீட்டர், நீலப்பச்சைப் பக்கம். சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறைய இருட்டு. கறுப்புப் பின்னணியில் எழுதிய சிவப்பு எழுத்து அந்தியில் பின்னணியோடு கரைந்துவிடும். செக் நாட்டு அறிஞர் யான் புர்கின்யே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்த மாற்றம் இது. எச்சரிக்கைச் செய்தியை மஞ்சளில் கறுப்பாக எழுதிவிட்டு, கவனம் ஈர்க்கச் சுற்றிலும் சிவப்புப் பட்டை இடுவதே அறிவியலுக்கு ஒத்த வழி.

வெயிலில் கைபேசி

வெயிலில் செய்தித்தாள் தெளிவாகத் தெரிந்தது. கைபேசி ஏன் தெரிவதில்லை? தாளின் வெள்ளை வெயிலோடு சேர்ந்து ஏறுகிறது. திரையின் வெள்ளை அதன் சொந்த விளக்கின் அளவிலேயே நின்றுவிடுகிறது. வெயில் தருவது இருபுறமும் விழும் பிரதிபலிப்பு மட்டும்.

திரையின் வெள்ளை 500 நிட், கறுப்பு அரை நிட் என்போம். இருட்டறையில் விகிதம் ஆயிரம். மரத்தடியில் 10,000 லக்ஸ் வெளிச்சம். கண்ணாடி அதில் 4 விழுக்காட்டைப் பரவலாகத் திருப்பினால் இருபுறமும் சுமார் 127 நிட் கூடும். ஆயிரம் என்பது 5 ஆகிவிடும். வெள்ளையில் நடுத்தரச் சாம்பல் எழுத்தானால் 2.7. நேர் வெயிலில் கறுப்பு எழுத்தே 1.4-க்கு இறங்கிவிடும். குளிரூட்டிய அறையில் அழகாகத் தெரிந்த சாம்பல் எழுத்து, வயல்வரப்பில் நிற்பவருக்கு வெற்றுத் திரை.

தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்குகிறது. மென்பொருள் என்பது பெருநகரத்துக் கண்ணாடிக் கட்டடங்களில் மட்டும் பிறப்பது என்ற நிலை இந்த மண்ணிலேயே மாறிவிட்டது. எந்த நிறத்தில் எந்த எழுத்து என்ற முடிவை இன்று எடுப்பவர்களில் நம் ஊர் இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வெயிலும் சாரலும் புத்தகத்தில் படித்த செய்தியாக இருக்க வேண்டியதில்லை. ஜன்னலுக்கு வெளியே இருக்கின்றன.

கண்ணுக்குள் ஒரு சாரல்

சிலருக்குச் சாரல் கண்ணுக்குள்ளேயே பெய்கிறது. புரை விழத் தொடங்கிய வில்லை, வரும் ஒளியைச் சிதறடித்து விழித்திரை முழுதும் தூவுகிறது. எழுத்தின் மேலும் பின்னணியின் மேலும் சமமாக ஒளி கூடுகிறது. கணக்கு மாறவில்லை; சேரும் ஒளி வரும் இடம்தான் மாறியது.

கண் மருத்துவமனைப் பலகையில் வெள்ளையில் பளிச்சென்ற கறுப்பு எழுத்துகளைச் சரியாகப் படித்துவிடும் முதியவர், அந்தி வெளிச்சத்தில் படிக்கட்டின் விளிம்பைத் தவறவிடுவதுண்டு. அந்தக் குறையைப் பிடிப்பதற்காக டெனிஸ் பெல்லியும் ஜான் ராப்சனும் 1988-இல் வேறொரு பலகையை உருவாக்கினார்கள். அதில் எழுத்துகளின் அளவு கடைசிவரை மாறாது; மும்மூன்று எழுத்துகளாகக் கருமை மட்டும் குறைந்துகொண்டே போகும். எந்த இடத்தில் எழுத்து மறைகிறதோ அதுவே அந்தக் கண்ணின் எல்லை. மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தென்மாவட்டங்களின் லட்சக்கணக்கானோரின் புரையை நீக்கியிருக்கிறது. அறுவைக்கு முன்னும் பின்னும் அவர்கள் வாழும் தெருவில், வங்கியில், ரேஷன் கடையில் உள்ள எழுத்து எடுப்பாக இருப்பதும் அதே சிகிச்சையின் நீட்சிதான்.

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. பொதுத் தகவல்களை எல்லோரும் அணுக முடிய வேண்டும் என்பது அதன் கருத்து. எடுப்பு விகிதம் அந்த உரிமையைக் கணக்கிட்டுச் சோதிக்கத் தரும் எளிய கருவி.

புள்ளி வைத்த எழுத்துக்கு

இந்தச் சூத்திரத்துக்கு எல்லைகளும் உண்டு. திரையில் மூன்று எண்களும் 118-ஆக உள்ள சாம்பல், வெள்ளையின்மேல் 4.54 தருகிறது, கறுப்பின்மேல் 4.62. கணக்குப்படி இரண்டும் சமம். படித்துப் பார்த்தால் கறுப்பின்மேல் உள்ளது கூடுதல் சிரமம் தரும். அடர்நிறங்களுக்குச் சூத்திரம் கொஞ்சம் தாராளமாகவே மதிப்பெண் போடுகிறது. எழுத்தின் தடிமனையும் அது பார்ப்பதில்லை. இவற்றைத் திருத்தும் புதிய சூத்திரங்களை ஆண்ட்ரூ சோமர்ஸ் போன்றவர்கள் உருவாக்கி வருகிறார்கள்.

தமிழுக்கு இன்னொரு கவலை உண்டு. கண்ணின் எடுப்புணர்வு எல்லா அளவுக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. உருவம் நுணுக நுணுக, அதைக் காணக் கூடுதல் எடுப்பு தேவை. கேம்பிரிட்ஜில் கேம்பெல், ராப்சன் இருவரும் 1968-இல் இதை அளந்து காட்டினார்கள். தமிழில் மிக நுண்ணிய உறுப்பு புள்ளி. அது மங்கினால் ‘க்’ ‘க’ ஆகிவிடும். ஒற்றைச் சுழி மங்கினால் ‘கோ’ ‘கொ’ ஆகும். ‘ஓ’ ‘ஒ’ ஆகும். மருந்துச் சீட்டிலும் கடன் பத்திரத்திலும் பேருந்தின் நெற்றியிலும் அந்தச் சிறு குறிகள்தாம் பொருளைத் தாங்குகின்றன. ஆகவே சிறிய தமிழ் எழுத்துக்கு 4.5 போதும் என்று நின்றுவிடக் கூடாது. 7-ஐயே குறைந்தபட்சமாக வைத்துக்கொள்வது நல்லது.

பலகை எழுதுபவரும், அழைப்பிதழ் அச்சிடுபவரும், செயலி வடிவமைப்பவரும், அரசு அறிவிப்பு தயாரிப்பவரும் ஒரு காரியம் செய்யலாம். தேர்ந்த இரு நிறங்களையும் கைபேசியில் கறுப்பு-வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். நிறம் போன பிறகும் எழுத்து பளிச்சென்று நின்றால் ஒளிர்வு வேறுபாடு இருக்கிறது; மங்கினால் நிறத்தை மாற்றுங்கள். திரைக்கான வேலையானால், விகிதத்தைக் கணக்கிட்டுத் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு. ஒரு நிமிட வேலை. நல்ல கண்ணும் நல்ல வெளிச்சமும் உள்ளவரை எந்த நிறத்தில் எழுதினாலும் எட்டிவிடலாம். வயதானவரும், வெயிலில் நிற்பவரும், சாரலில் நனைபவரும் படிக்கும்படி எழுதுவதே முறை. அளந்து எழுதுங்கள்.